எச்சில் சீவாளி

சீ, நாற்றமென்றால் அப்படியொரு நாற்றம். நாளெல்லாம் புகையிலை குதப்புகிற வாயால் வேணுகோபால் ஊதி வைத்த சீவாளியை, விடியற்காலையில் எடுத்துத் தன் வாயில் வைக்கும்போதெல்லாம் பஞ்சவர்ணத்துக்குக் குடல் தொண்டைக்கு ஏறி வரும். சீவாளி என்பது நாயனத்தின் நுனியில் செருகுகிற நாணல் துண்டு. சுண்டு விரலில் பாதிகூட இருக்காது. அந்தத் துக்கினியூண்டு சாமானுக்குள் ஒரு ஆம்பிளையின் சோம்பேறித்தனம் முழுக்க ஊறிக் கிடந்தது என்று சத்தியம் செய்வாள் அவள். வெந்நீரில் போட்டாள். உப்பு வைத்துத் தேய்த்தாள். துளசித் தண்ணீரில் ஒரு பகல் முழுக்க ஊறவைத்தாள். மூன்று வருஷமாக அந்த வீச்சம் போகவில்லை.

புருஷன் ஊதுகிற நாயனத்தை இவள் ஏன் வாயில் வைக்க வேண்டும் என்றுதானே கேட்கிறீர்கள்? அந்தக் கண்றாவியைத்தான் சொல்ல வருகிறேன்.

உடையார்பாளையம் கீழக்கோயிலில் நாயன முறை பழனிவேலுப் பிள்ளையுடையது. முறை என்றால் கோயிலில் ஊதுகிற பாத்தியதை. அதோடு குடியிருக்க ஒரு வீடும் ஒரு துண்டு நிலமும். நாற்பது வருஷம் ஊதியவருக்கு இழுப்பு வந்து ஊத மூச்சு போதாமல் போனது. மனைவி ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டாள். மனிதர் அடுத்த தெருவில் இருந்த மகள் புஷ்பவல்லி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். போகும்போது மகன் வேணுகோபாலிடம் ஒரு நிபந்தனை வைத்தார்.

"தெனம் கோழி கூவுறப்ப ஆரம்பிச்சு அஞ்சு நாழிகை நீ சாதகம் பண்றது அங்க என் காதுல விழணும். சரளி, ஜண்டை, மேல்ஸ்தாயி, அலங்காரம், மூணு காலத்துலயும், மெள்ள, வேகமா, அதுக்கும் வேகமா. பாட்டு கீட்டு ஊதுனே, தொலைச்சுப்புடுவேன். மூணு வருஷம் இப்படிப் பண்ணு, முறை ஒனக்கு. அதுவரைக்கும் கோயில்ல புஷ்பவல்லி புருஷன் ஊதட்டும். ஒரு நா விட்டாலும் அவனுக்கே எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்."

வேணுகோபாலுக்கா சாதகம்? கோழி கூவுகிற நேரத்தில்தான் அவனுக்குத் தூக்கமே சுகப்படும். அரியலூரில் டூரிங் கொட்டகை வந்தால் அங்கேதான் வாசம். காபி கிளப்பில் கிராமபோன் ப்ளேட்டைச் சுற்றவிட்டால் பெஞ்சில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மெட்டைக் காதில் பிடித்துக்கொண்டு வந்து அப்படியே ஊதுவான். கல்யாண வீட்டில் விடலைகள் விசிலடிப்பார்கள். அதில் அவனுக்குத் தலைகால் புரியாது. கல்யாணமாகி வந்த பத்தாம் நாள், கோழி கூவிவிட்டது, பஞ்சவர்ணம் எழுப்புகிறாள், இவன் போர்வையை இழுத்து மூடுகிறான்.

"ஒங்க வூட்ல சின்னப் புள்ளையில நீயும் ஊதுவியாமே? இன்னிக்கு ஒரு நா ரெண்டு சரளி ஊதி வையேன். எனக்குத் தலைய வலிக்குது."

அவள் தா.பழூர்க்காரி. அப்பா நாயனக்காரர். அண்ணனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஊதுவாள். அண்ணன் தப்பு விடுகிற இடத்தில் இவள் விடமாட்டாள். வயசுக்கு வந்த அன்றைக்கு நாயனத்தைப் பிடுங்கிப் பரணில் வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான், முடிந்தது. அதனால் புருஷன் கேட்டதும் அருவருப்பு பாதி, ஆசை பாதியாக உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சீவாளியை வாயில் வைத்தாள். குமட்டியது. ஊதினாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் புஷ்பவல்லி உறைமோர் வாங்க வந்தாள். "அண்ணி, அப்பா அண்ணன்கிட்ட சொல்லச் சொன்னாரு. மூச்சு பரவால்லியாம். ஆனா ரிஷபத்துல ஆட்டுக்குட்டி மாதிரி நடுங்குதாம்."

பஞ்சவர்ணத்துக்குச் சுருக்கென்றது. வேணுகோபாலுக்கோ வாயெல்லாம் பல். "பாத்தியா, கெழவனுக்கு வித்தியாசமே தெரியல! நாளைக்கும் நீயே ஊதிடு." அந்த 'நாளைக்கு' மூன்று வருஷம் நீண்டது.

இவன் கொல்லையில் முருங்கை மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விடுவான். இவள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு ஊதுவாள். தெருவே வேணுகோபாலைப் புகழும். "என்னா உழைப்பு, என்னா உழைப்பு!" தண்ணீர் எடுக்கப் போகிற இடத்தில் பெண்கள் சொல்வார்கள். "குடுத்துவெச்சவ நீ." பஞ்சவர்ணம் குடத்தைக் கவிழ்த்துக் கழுவுவாள். வாயைத் திறந்தால் அசிங்கமாக ஏதாவது வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொள்வாள்.

முதல் வருஷம் வெறும் அருவருப்புதான். ஒரே எட்டு ஸ்வரம், மேலே போய்க் கீழே வா, மறுபடி மேலே போ. செக்குமாட்டுப் பிழைப்பு. உதடு வெடித்தது. கன்னம் வீங்கியது. காரம் பட்டால் உயிர் போகும். இதில் அடுத்த தெருவிலிருந்து வாரத்துக்கு இரண்டு புகார். "ஜண்டையில ரெண்டாவது ஸ்வரத்துக்கு அடி விழல." "அவரோகணத்துல அவசரம், பஸ்ஸா போயிடும்?" "மூணாம் காலத்துல விரல் முந்துது, மூச்சு பிந்துது." புஷ்பவல்லி ஒப்பித்துவிட்டுப் போவாள். வேணுகோபால் காதிலேயே வாங்கமாட்டான். வாங்கிக்கொள்ள வேண்டியவள் அடுப்படியில் நின்று வாங்கிக்கொள்வாள். கிழவர் திட்டுவது மகனைத்தான். ஆனால் உறைப்பது மருமகளுக்கு.

ரிஷபம் என்கிற அந்த ஒற்றை ஸ்வரம் நடுங்காமல் நிற்க எட்டு மாசமானது. எட்டு மாசம்! அது நின்ற அன்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. அவளும் மாறித்தான் போனாள். குழம்பைக் கிண்டும்போது அகப்பைக் காம்பில் விரல்கள் தாமாக ஓடும். நெல் குத்தும்போது உலக்கை விழுவது மூன்று காலத்துக்கும் கணக்காக விழும். யாராவது பாடினால் எந்த இடத்தில் சறுக்கப் போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். யுத்த காலம், ரேஷன் அரிசியில் பாதி கல், மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஊரே இருட்டு. அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. எப்போதடா கோழி கூவும் என்று படுத்திருப்பாள். அந்த அஞ்சு நாழிகை இல்லாவிட்டால் செத்தே போய்விடுவோம் என்று தோன்றியது. யாராவது கண்டுபிடித்துப் பழையபடி பரணில் தூக்கி வைத்துவிட்டால்? அந்தப் பயம் ஒன்றுதான் அவளுக்கு.

ஒன்றே ஒன்றுதான் கடைசிவரை சண்டித்தனம் செய்தது. மேல் ஸ்தாயி மத்திமம். உச்சியில் போய் அந்த ஸ்வரத்தைத் தொட்டால் கிழிந்த துணிபோல் பிசிறும். இரண்டு வருஷமாகக் கிழவர் அதையே சொல்லி அனுப்பினார். "மேல மத்திமம் பிசிறுது. மேல மத்திமம் பிசிறுது." பஞ்சவர்ணம் அதை எத்தனை நாள் எத்தனை ஆயிரம் தடவை ஊதியிருப்பாள் என்று அந்த முருங்கை மரத்தைத்தான் கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் புருஷனிடம் சொல்லிப் பார்க்காமல் இல்லை. "ஏங்க, நாளைக்கு ஊர் முன்னாடி ஊதப்போறது நீங்க. தெனம் அரை நாழியாவது ஒக்காருங்களேன்."

"போடி. சரளியெல்லாம் சின்னப் பசங்க சமாசாரம். கல்யாண வூட்ல எவன்டி சரளி கேக்குறான்?" என்று கொல்லையில் எச்சிலைத் துப்பிவிட்டு அவன் அரியலூருக்குப் புறப்பட்டுவிடுவான்.

மாசித் திருவிழா வந்தது. மூன்று வருஷம் முடிந்துவிட்டது, பையன் பழுத்துவிட்டான், ஐந்தாம் நாள் கோயில் வாசலில் ஊதட்டும், தர்மகர்த்தா கேட்டுவிட்டு முறையை எழுதிக் கொடுக்கட்டும் என்று பிள்ளை சொல்லிவிட்டார். வேணுகோபால் ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டு மேடை ஏறினான். பக்கத்தில் தவில் நடராசன். எதிரே நாற்காலியில் தர்மகர்த்தா. அவருக்குப் பக்கத்தில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கிழவர். பெண்கள் பக்கத்தில் பஞ்சவர்ணம்.

தோடி ராகம் ஊதச் சொன்னார்கள். ஐயோ, அதை ஏன் கேட்கிறீர்கள்? ரெண்டு பிடி ஊதுவதற்குள் அவனுக்கு மூச்சு முட்டிவிட்டது. காந்தாரம் ஒரு பக்கம் கவிழ்ந்தது. மேலே ஏறப்போனவன் பாதியில் வழுக்கி விழுந்தான். விழுந்ததை மறைக்கச் சட்டென்று ஒரு சினிமா மெட்டை எடுத்துவிட்டான். விடலைகள் விசிலடித்தார்கள். பஞ்சவர்ணத்துக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டு உடம்பெல்லாம் கூசியது. ஊசிப்போன குழம்பில் கொத்தமல்லியைத் தூவி நீட்டினது மாதிரி இருந்தது.

கிழவர் எழுந்தார். தள்ளாடி மேடை வரைக்கும் வந்து மகனின் கையைப் பிடித்து விரல்களை உற்றுப் பார்த்தார்.

"இது நான் கேட்ட கை இல்லையேடா" என்றார்.

வேணுகோபால் காய்ச்சல் என்றான். நாக்கு வறண்டுவிட்டது என்றான். தர்மகர்த்தா, "சரி, ஒம்போதாம் நாள் இன்னொரு தடவ பாப்போம்" என்று எழுந்து போனார்.

மறுநாள் விடியற்காலை. பஞ்சவர்ணம் கதவைச் சாத்திக்கொண்டு அலங்காரம் ஊதிக்கொண்டிருந்தாள். வெளியே கைத்தடி தட்டுகிற சத்தம் கேட்டது. டொக், டொக் என்று கொல்லைப் பக்கம் போய் நின்றது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் எடுத்த அலங்காரத்தைப் பாதியில் விட அவள் மூச்சுக்குப் பழக்கமில்லை. மூன்று காலமும் ஊதி முடித்துவிட்டுத்தான் நாயனத்தைக் கையில் பிடித்தபடி கதவைத் திறந்தாள். கயிற்றுக் கட்டிலில் வேணுகோபால் கடைவாயில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தலைமாட்டில் கிழவர் நின்றார்.

அவளையும் நாயனத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அடிப்பாரோ, அழுவாரோ என்று அவள் நின்றாள். அவள் மனசின் ஒரு மூலையில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், 'நீயாம்மா அது' என்று ஒரு வார்த்தை கேட்பார் என்ற நப்பாசைகூட இருந்தது.

"கதவைச் சாத்தும்மா" என்றார் கிழவர். "யாரும் பாக்கலியே?"

அப்புறம் கைத்தடியால் ஒரு குத்துக் குத்தி மகனை எழுப்பி, திட்டத்தைச் சொன்னார். மேடைக்குப் பின்னால் கீற்றுத் தட்டி கட்டியிருக்கிறது. தட்டிக்குப் பின்னால் வாகனக் கொட்டகை. இவள் அதற்குள் உட்கார்ந்து ஊத வேண்டும். அவன் முன்னால் உட்கார்ந்து, சீவாளியைத் தேன்மெழுகால் அடைத்துக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு விரலை ஆட்ட வேண்டும். நாயனச் சத்தத்தில் அது தட்டிக்கு முன்னாலா பின்னாலா என்று எவன் ஆராயப் போகிறான்? நடராசனிடம் மட்டும் சொல்லிவிட்டால் போதும்.

"பலே அப்பா!" என்றான் வேணுகோபால். கண்ணில் பீளைகூடத் துடைக்கவில்லை.

தூ! பஞ்சவர்ணத்துக்கு மகனைப் பார்த்துப் பழகிப்போயிருந்தது. புதிதாக அருவருத்தது கிழவரைப் பார்த்துத்தான். அடுத்த தெருவிலிருந்து ஒரு ஸ்வரம் பிசிறுவதைக் கண்டுபிடிக்கிற காது! அந்தக் காதை நம்பி மூன்று வருஷம் ஊதினாளே! அந்தக் காதுக்குக் கீழே இருந்தது இவ்வளவுதானா? மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் நாயனம் பரணுக்குப் போய்விடும். விழுங்கிக்கொண்டாள்.

"ஊதுறேன் மாமா. ஆனா சீவாளி எனக்குத் தனியா வேணும். புதுசு. யாரு வாயும் படாதது."

"அவ்வளவுதானே?" என்று கிழவர் சிரித்தார். தன் பழைய நாயனத்தையே கொடுத்து, புதுச் சீவாளி ஒன்றையும் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

விஷயத்தைத் தவில் நடராசனிடம் சொன்னார்கள். வாயிலிருந்த வெற்றிலையை வாசலில் துப்பிவிட்டுப் போனான். துப்பின விதத்திலேயே எல்லாம் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம். வாகனக் கொட்டகைக்குள் வௌவால் புழுக்கை நாற்றமும் இலுப்பெண்ணெய் நாற்றமும் கலந்து அடித்தன. மரக் குதிரைக்கும் சுவருக்கும் நடுவில் பஞ்சவர்ணம் குந்தியிருந்தாள். கீற்று இடுக்கு வழியாக வேணுகோபாலின் முதுகும் விலாவும் விரல்களும் தெரிந்தன. கையை நீட்டினால் தொடலாம். அதற்கப்பால் தர்மகர்த்தா, கிழவர், ஊர்.

புதுச் சீவாளியை வாயில் வைத்தாள். அதில் நாணல் வாசனை மட்டுமே இருந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குக் குமட்டவில்லை.

தோடியை எடுத்தாள். ஒரு ராகத்தை முழுசாக ஊத அவளை யாரும் விட்டதே கிடையாது. ஆனால் வீட்டில் அண்ணனுக்கு அப்பா ஊதிக்காட்டியது காதில் கிடந்தது. எட்டு ஸ்வரத்தில் எந்தப் படியில் கால் வைத்தாலும் அது தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருஷம் அந்தப் படிகளைத் தேய்த்தவள் அவள்தானே. கீழே நின்று, நிதானமாக ஏறி, காந்தாரத்தில் வேண்டிய மட்டும் சுற்றிவிட்டு மேலே போனாள். கூட்டம் அடங்கிவிட்டது. நடராசனின் தவில் அவளுக்கு வழிவிட்டுப் பின்னாலேயே வந்தது. உச்சிக்குப் போனாள். மேல் மத்திமத்தைத் தொட்டாள். பிடித்தாள். அது நின்றது. ஆணி அடித்த மாதிரி நின்றது.

"பேஷ்! பேஷ் வேணுகோபால்!" என்று தர்மகர்த்தா துள்ளி எழுந்தார். யாரோ ஓடிவந்து வேணுகோபால் தோளில் பட்டுத் துண்டைப் போர்த்தினார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். ஆட்டினானா, பாவிப்பயல், மெய்ம்மறந்தே போய்விட்டான்! தான்தான் ஊதுகிறோம் என்று அவனே நம்பிவிட்டான். கிழவர் கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர் வழிந்தது. பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"என் ரத்தம்யா! என் ரத்தம்!"

தட்டிக்குப் பின்னால் இருந்தவள் காதில் அது விழுந்தது. உதடு வெடித்து ரத்தம் வந்த நாளெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது. எவன் ரத்தம்? சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

சத்தம் நின்றது. தவில் நின்றது. வேணுகோபாலின் விரல் நிற்கவில்லை. கண்ணை மூடி மெய்ம்மறந்திருந்தவனுக்குச் சத்தம் நின்றதே உறைக்கவில்லை. கன்னம் பூரியாக உப்பி, பத்து விரலும் பறந்துகொண்டிருந்தன. ஊர் திறந்த வாய் மூடாமல் பார்த்தது.

பஞ்சவர்ணம் மறுபடி ஊதினாள். தோடியை இல்லை. முதல் சரளி வரிசையை, முதல் காலத்தில். மூன்று வருஷமாக விடியற்காலையில் ஊர் கேட்டுக்கொண்டே எழுந்த அதே எட்டு ஸ்வரம். ஒவ்வொன்றாக, ஆற அமர. சத்தம் கேட்டதும் அவன் விரல் இன்னும் வேகமாகப் பறந்தது. கூட்டத்தில் முதலில் ஒரு பொம்பளைதான் சிரித்தாள். அப்புறம் விடலைகள். நடராசன் தவிலை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து, அந்தத் தட்டியை ஒரே இழுப்பாக இழுத்துத் தள்ளினான்.

மரக் குதிரைக்குப் பக்கத்தில் கையில் நாயனத்தோடு பஞ்சவர்ணம் நின்றாள்.

தர்மகர்த்தா முகம் கறுத்தது. "என்ன பிள்ளை இது? சாமி வாசல்ல பொம்பளைய ஊதவிட்டு எச்சில் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அவதாங்க! எல்லாம் அவ பண்ணின வேலைங்க!" என்று வேணுகோபால் கத்தினான். தோளில் பட்டுத் துண்டு அப்படியே இருந்தது.

கிழவர் கைகூப்பினார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. சத்தியமா தெரியாதுங்க. புருசனும் பொண்டாட்டியுமா சேர்ந்து என்னை ஏமாத்திட்டாங்க."

அந்த வாயிலிருந்து அது வந்ததும் பஞ்சவர்ணத்துக்குக் கோபம்கூட வரவில்லை. சாக்கடையைத் தாண்டுகிறவள் மாதிரி புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு மேடை வழியாக இறங்கி அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன் மாமா. மேல மத்திமம் பிசிறுது, பிசிறுதுன்னு ரெண்டு வருசமா சொல்லி அனுப்புனீங்க. இன்னிக்குப் பிசிறுச்சா?"

கிழவர் வாயைத் திறந்தார். மூடினார். தர்மகர்த்தாவைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். சொல்லக் கூடாதென்றுதான் பார்த்தார். எதை வேண்டுமானாலும் பொய் சொல்லத் துணிந்த மனிதர், காதில் விழுந்ததை மட்டும் இல்லையென்று சொல்ல முடியாமல் அந்தக் கூட்டத்தில் தவித்தார்.

"இல்லம்மா" என்றார் கடைசியில். "பிசிறல. நின்னுச்சு."

பஞ்சவர்ணம் நாயனத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவிலேயே நடந்தாள். அதைக் கொடு என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

முறை புஷ்பவல்லி புருஷனுக்குப் போயிற்று. பங்குனிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் கோழி கூவியது. பஞ்சவர்ணம் எழுந்து முதல் வேலையாகப் புகையிலை நாற்றம் பிடித்த அந்தப் பழைய சீவாளியை இடுக்கியால் எடுத்துக்கொண்டு போய்க் குப்பைக்குழியில் போட்டாள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வாயை மூன்று தடவை கொப்புளித்தாள். உள்ளறைக்கு வந்து தெருப்பக்கத்துக் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்து உட்கார்ந்தாள்.

"கதவையாவது சாத்தித் தொலையேன்டி, மானம் போவுது" என்றான் வேணுகோபால் கட்டிலிலிருந்து.

அவள் புதுச் சீவாளியை வாயில் வைத்து, முதல் சரளியிலிருந்து ஆரம்பித்தாள்.